நரம்புக்கு வைத்த நேர்த்தி

என் மகள் யசிந்தாவுக்கு நரம்பு வருத்தம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்ன அந்த மத்தியானத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, சகோதரங்களே. 1996ஆம் ஆண்டு. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பல்லரோ சந்தைக்கு மேலே சின்ன வீடு. கீழே மீன்காரர்கள் கத்துவார்கள், மேலே என் மகள் கத்துவாள்.

அதுவரை அவள் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அந்த வருடம் கதவை அடித்துச் சாத்தத் தொடங்கினாள். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் அதற்கும் ஒரு அழுகை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைத் தள்ளி விழுத்தியதும்தான் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

என் இத்தாலியன் எல்லாம் சமையலறை இத்தாலியன். பொலிதேயாமா பக்கம் ஒரு சிஞ்ஞோரா, அதாவது ஒரு இத்தாலியன் அம்மா, வீட்டில் வேலை. சட்டி, துடைப்பம், யன்னல் எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். மற்றதற்கெல்லாம் யசிந்தாதான் என் வாய். அன்று ரீச்சர் அவளை வெளியே நிறுத்திவிட்டு என்னிடம், “மோல்தோ நெர்வோசா” என்றார். திரும்பத் திரும்ப நெர்வோசா, நெர்வோசா. மோல்தோ என்றால் கனக்க, நெர்வி என்றால் நரம்பு என்று எனக்குத் தெரியும். சிஞ்ஞோரா கால்வலிக்குக் குளிசை போடும்போது தொட்டுக் காட்டிச் சொல்லித் தந்த சொல் அது.

என் அண்ணனுக்கும் அந்த வயதில்தான் நரம்பு வருத்தம் தொடங்கியது. முதலில் கோபம் வந்தது. பிறகு கதைப்பதை நிறுத்தினான். கடைசியில் எங்களையே ஆர் எவர் என்று தெரியாமல் போனான். அன்று பஸ்ஸில் யசிந்தாவின் பக்கத்தில் இருந்துகொண்டு, இவளும் எனக்கு இல்லாமல் போகப் போகிறாள் என்று நினைத்து நினைத்து அழுதேன். அவள் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவளிடம் கேட்கவும் பயம்.

வைத்தியம் தொடங்கினேன். நரம்புக்கு நல்லது என்று காலையில் முட்டை, பின்னேரம் பால், உச்சந்தலையில் எண்ணெய். அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஸ்ஃபெர்ரகவல்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக் களைத்து வருகிற என் கணவர், “பெட்டைக்கு முட்டையைக் கண்டாலே விசர் வருதப்பா” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் நேர்த்தி வைத்தேன். உங்களில் பலரும் ஏறியிருப்பீர்கள், மொந்தே பெல்லெக்ரினோ மலையில் புனித ரொசாலியாவின் குகை. ஞாயிறுதோறும் தமிழ்ச் சனம் ஏறும். அவள் சுகமாகும் வரை வெறுங்காலோடு ஏறுவேன் என்று நேர்ந்து நானும் ஏறினேன். “ஆண்டவரே, இவளின்ரை நரம்பைச் சுகமாக்கும்.” அதே செபம்தான், ஒவ்வொரு கிழமையும். வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நாள் குகைக்குள்ளேயே ஆண்டவரோடு கோபித்துக்கொண்டேன், உமக்குக் காது கேட்கிறதா என்று.

அடுத்த ஞாயிறு நான் வெளிக்கிடும்போது யசிந்தா என் காலைப் பார்த்தாள். குதிக்கால் வெடித்திருந்தது. தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கூட வந்தாள். பாதி மலையில் கேட்டாள்.

“என்னத்துக்கம்மா வெறுங்காலோடை நடக்கிறீங்கள்?”

“உன்ரை நரம்பு வருத்தம் மாற.”

“எனக்கு நரம்பு வருத்தமோ? ஆர் சொன்னது?”

“ரீச்சர்தான் சொன்னவ. நெர்வோசா எண்டு.”

அவள் வழியிலேயே குந்தியிருந்து சிரித்தாள். பின்னால் வந்த சனம் விலகிப் போனது. சிரித்துச் சிரித்து, பிறகு அழுதாள்.

“அது வருத்தம் இல்லையம்மா. உள்ளுக்கை என்னவோ கொதிக்கும். ஏனெண்டு எனக்கே தெரியாது. அழவும் வேணும் போலை கிடக்கும், எறியவும் வேணும் போலை கிடக்கும். இத்தாலியனிலை நெர்வோசா எண்டுவினம். தமிழிலை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. அதுதான் எறியிறனான்.”

நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் அந்த வயதில் அது வந்தது. அதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் இருந்தது.

“இருக்கவும் ஏலாமல் நிக்கவும் ஏலாமல், ஆரையும் காணவும் பிடிக்காமல், தனிய விட்டாலும் பயமாய்... மனம் அந்தரமாய்க் கிடக்கோ பிள்ளை?”

“அந்தரம்,” என்று சொல்லிப் பார்த்தாள். “ஓம் அம்மா. அதுதான். அந்தரம்.”

அன்று குகைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கிற ரொசாலியாவின் சிலையைப் பார்த்தபோது, இவரும் ஒரு இளம் பெட்டைதானே, தனியே இருக்க வேண்டும் என்று இந்தக் குகைக்கு வந்தவர்தானே என்று முதல் தடவையாக எனக்குத் தோன்றியது. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரை யசிந்தா தொட்டு என் குதிக்காலில் பூசினாள். நான் ஆண்டவரிடம் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

கோபம் ஒரே நாளில் போய்விடவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் சொல் வீட்டுக்கு வந்துவிட்டது. “அம்மா, அந்தரமாய்க் கிடக்கு” என்பாள். நான் கேள்வி கேட்கமாட்டேன், முட்டையும் அவிக்கமாட்டேன். பல்கனியில் போய் நின்று சந்தையைப் பார்ப்பாள். பிறகு தானாக வந்து கதைப்பாள். ஒரு நாள் முதலாளியிடம் ஏச்சு வாங்கிவிட்டு வந்த தகப்பனார் எல்லோர் மேலும் பாய்ந்தார். அவள் பயப்படாமல் கேட்டாள், “அப்பா, அந்தரமோ?” மனுசன் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். அந்தச் சந்தைச் சத்தமும், பல்கனியில் அவள் நின்ற நிற்பும் இப்போது நினைத்தாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது.

இன்று யசிந்தாவின் மகளுக்கே பதினான்கு வயது. போன மாதம் அந்தப் பிள்ளை கதவை அடித்துச் சாத்தியபோது யசிந்தா கதவைத் தட்டவில்லை. வெளியே நின்று மெதுவாக, “அந்தரமோ?” என்று மட்டும் கேட்டாள். உள்ளேயிருந்து, “சீ, மாம்மா, அந்தரம்” என்று பதில் வந்தது, ஓம் என்பதற்கு இத்தாலியன் சீயும் எங்கள் அந்தரமும் கலந்து. நான் குசினியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு கதவு சாத்தியிருந்தால் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டாலும் கேளுங்கள். இல்லாத வருத்தத்துக்காக மாதக்கணக்காய் மலை ஏறினவள் நான். என் செபம் முழுக்கப் பிழை. அவர் அதற்கும் பதில் தந்தார்.