எட்டாவது ட்யூபில் வந்த லுச்சி

1. பால்

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜைத் திறந்த டெக்னீஷியன் ஷிபுதா, "தீதி, எ தோ துத்!" என்றார். அக்கா, இது பால் என்கிறார். பால் மாதிரிதான் இருந்தது. வெளிர் மஞ்சளாக நிற்க வேண்டிய பிளாஸ்மா, ரத்தத்தின் நீர்ப்பகுதி, வெள்ளையாக நின்றது.

உணவுக் கொழுப்புகள் ரத்தத்தில் உள்ள மோனோசைட் என்ற நோய் எதிர்ப்பு செல்களை எப்படி உசுப்புகின்றன என்று பார்ப்பது என் வேலை. வெறும் வயிற்றோடு வரும் எட்டுப் பேரின் செல்கள் வேண்டும். மூன்று தட்டுகள்: ஒன்றில் நெய்யிலும் பாமாயிலிலும் உள்ள பால்மிடிக் அமிலம், ஒன்றில் மீன் எண்ணெய்க் கொழுப்பு, ஒன்றில் எதுவும் இல்லை. அது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல். ஏழு பேருக்கு முடிந்திருந்தது. முதல் கொழுப்பு அழற்சியை ஏற்றியது, இரண்டாவது தணித்தது. எட்டாவது ட்யூப் பெஹாலாவில் எங்கள் பக்கத்து வீட்டு வெங்கட் அங்கிளுடையது. அந்த வாரமே ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

2. விரதம்

ஃபோன் செய்தேன்.

"அங்கிள், காலைல சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடலையே. டிபன்தான்."

"டிபனா?"

"ஏழு மணிக்கு, நெய்யில பொரிச்ச லுச்சி நாலு. நீதானேம்மா விரதம் மாதிரி வாங்கன்னே? சனிக்கிழமை விரதத்துக்கு நான் சோத்தைத்தான் தொடமாட்டேன்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான்: விரதமென்றால் சோறு கிடையாது, லுச்சி என்ற இந்த ஊர் மைதாப் பூரி உண்டு. 'ஃபாஸ்டிங்' என்பதை விரதம் என்று சொன்னது நான்.

3. கன்ட்ரோல்

ஃபார்மில் 'ஃபாஸ்டிங்: ஆம்' என்று என் கையெழுத்து இருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்தது நானும் ஷிபுதாவும் மட்டுமே. கழுவினால் வெள்ளை போய்விடும் என்றார் ஷிபுதா. செல்களைக் கழுவினேன், போனது. சந்தேகம் தீரக் கன்ட்ரோலில் கொஞ்சம் எடுத்து, கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

செல்களுக்குள் சிவப்புச் சிவப்பாகக் கொழுப்புத் துளிகள். நான் எந்தக் கொழுப்பும் சேர்க்கவில்லை. காலையில் பெஹாலாவில் ஒரு வாணலியில் இருந்தது, மதியத்துக்குள் ஒரு செல்லின் வயிற்றில் இருந்தது. எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஃபார்மில் 'ஆம்' என்பதை அடித்துவிட்டு ஆய்வகத் தலைவியான மேடத்திடம் போய்ச் சொன்னேன். "ரிப்போர்ட் தள்ளிப்போகும்" என்றார். "தெரியும் மேடம்."

4. தெளிவு

அடுத்த வாரம் அங்கிள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தார். "காபிகூட இல்லை. தலை வெடிக்குது, சீக்கிரம் குத்தும்மா." இந்த முறை ட்யூபின் பின்புற லேபிளைப் பிளாஸ்மா வழியாகவே படிக்க முடிந்தது. கன்ட்ரோல் செல்களில் துளிகள் அரிதாகவே இருந்தன.

இப்போது 'விரதமா?' என்று யாரிடமும் கேட்பதில்லை. 'கடைசியாக வாயில் என்ன போட்டீர்கள், எத்தனை மணிக்கு?' என்றுதான் எங்கள் ஃபார்ம் கேட்கிறது.

அங்கிள் இரண்டாம் முறை வந்த அன்று மாலை, மைக்ராஸ்கோப்பில் எடுத்த இரண்டு வாரப் படங்களையும் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உள்ள இத்தனை நடந்திருக்கு. எனக்கு ஒரு ஏப்பம்தாம்மா வந்தது."