பிழையான குழுவில் போட்ட ஜெபம்

2013 கோடையில், வடக்குக் காற்று அனலாக அடித்த ஒரு மத்தியானம், நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தின் விளிம்பில், கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்வெளி பற்றிக்கொண்டது. நானோ நகரத்தின் மறுபக்கம், மல்கிரேவ் அலுவலகத்தில். மனைவி மருத்துவமனையில் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் தனியாக இருந்தவர் அவளுடைய அப்பா. வன்னியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கைபேசி இல்லை. ஆங்கிலமும் இல்லை.

நெருப்புச் செய்தியை கிரெய்கிபர்ன் ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில்தான் பார்த்தேன். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்தது. மாமா எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன்.

ஜெபக் கூட்டத்தில் கடைசிக் கதிரையில் உட்கார்ந்து பகிடி விட்டு எல்லாரையும் சிரிக்கவைக்கிறவன் நான்தான். அன்றைக்கு ஒரு பகிடியும் வரவில்லை. நம்முடைய ஜெபக் குழுவின் பக்கத்தில் தமிழில் தட்டினேன்: "மாமாவைக் காணேல்ல. வீட்டுக்குப் பின்னால நெருப்பு. எல்லாரும் முழங்கால்ல நில்லுங்கோ." தெருப் பெயரையும் போட்டேன். கர்த்தருக்கு ஆளைத் தெரியாதோ என்னவோ, மாமா வேட்டியோடு நிற்கும் படத்தையும் சேர்த்தேன்!

பிறகு, போட்டோகாப்பி மெஷினுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். யாரையாவது அனுப்பும்." மேலாளர் எட்டிப் பார்த்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். "மாமனார்" என்றேன்.

பத்து நிமிடம் கழித்து எழுந்து வந்து திரையைப் பார்த்தால், பாதி உயிர் போய்விட்டது. பதற்றத்தில் ஜெபத்தை ஊர்க்காரர் குழுவில் போட்டிருக்கிறேன்! மேலே விற்பனைக்குப் பழைய சோபா, கீழே காணாமல்போன நாய், நடுவில் மாமா. ஒரு வெள்ளைக்காரர், இது சமையல் குறிப்பா என்று கேட்டிருந்தார். அழிக்கப் போனேன். அதற்குள் தமிழில் ஒரு பதில் விழுந்தது.

"அண்ணா, நான் பர்சானா, பக்கத்துத் தெரு. படத்தப் பாத்துட்டுக் கார எடுத்துட்டுப் போனன். அங்கிள் என்ட காருக்குள்ள இருக்காரு. பயப்படாதீங்க." கீழே அவருடைய நம்பர்.

அதுவரை முகமறியாத முஸ்லிம் சகோதரி. அழைத்தேன். மாமா பேசினார்.

"என்ன மருமகன், ஆரோ வயல் எரிக்கிறாங்கள் எண்டு நினைச்சன். இந்தக் காத்துக்குள்ள கொளுத்துறாங்களே விசரன்கள், சொல்லிப்போட்டு வருவமெண்டு வெளிக்கிட்டனான்."

புத்தி சொல்ல நெருப்பை நோக்கி நடந்திருக்கிறார்! பர்சானா ஹாரன் அடித்து நிறுத்தியபோது புகை அவரை மூடத் தொடங்கியிருந்ததாம். நான் அலுவலகத்திலேயே தேம்பி அழுதேன். பகிடிக்காரன் அழுதால் யார் நம்புவார்கள்? எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று பின்னேரம் மாமா கேட்டார்: "அந்தப் பிள்ளைய ஆர் அனுப்பினது?"

"கர்த்தர்தான் மாமா. நான் ஜெபத்துக்கு விலாசத்தைப் பிழையாப் போட்டன், அவர் சரியாக் கொண்டுபோய்க் குடுத்திட்டார்."

இப்போது எந்தக் குழுவில் யார் உதவி கேட்டாலும் முதலில் ஜெபிக்கிறேன். பக்கத்துத் தெரு என்றால் காரைக் கிளப்பத் திறப்பையும் கையில் எடுக்கிறேன். அன்பானவர்களே, பயம் பிடிக்கும்போது ஒழுங்காக ஜெபிக்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். பிழையாகவாவது கேளுங்கள். அவருக்கு வழி தெரியும்.