ஊசிக்கும் சம்மதம் வேண்டும்

நர்ஸிங் டீச்சர் வேலையில் தொண்டைதான் போகும். கூடவே சட்டமும் படித்துவிட்டால் நிம்மதியும் போகும். ரெண்டு பட்டம் வாங்கிவிட்டு முழிக்கும் சக ஜீவன்களே, கேளுங்கள் என் கதையை.

மாடிப்படி ஆலோசனை

மயிலாப்பூரில் எங்கள் மாடி வீட்டு மாமிக்கு நான் டூ இன் ஒன். ஒரு நாள் பிரஷர் பார்க்க வந்தார். ஏகத்துக்கு எகிறியிருந்தது. உப்பைக் குறையுங்கள் என்றேன். உப்பு இல்லையாம், குடித்தனக்காரர்தான் காரணமாம். காலி பண்ண மாட்டேன் என்கிறாராம்.

"மாத்திரையெல்லாம் வேண்டாம். அவாத்துக்கு நன்னா காரமா ஒரு நோட்டீஸ் அனுப்புங்கோ, தானா எறங்கிடும்!"

தொட்டால் குற்றம்

வகுப்பில் நோயாளியின் சம்மதம் பற்றிப் பாடம். வாய் சும்மா இருக்குமா? "வேணாம்னு சொல்ற ஆளைத் தொட்டீங்க, கேஸ்தான்!" என்று மேஜையைத் தட்டினேன். நொச்சிக்குப்பத்து ஸ்டெல்லா மட்டும் கண்கொட்டாமல் கேட்டாள். கடைசி வருஷம். அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி வேலை அவளுக்காகக் காத்திருந்தது, பாஸ் பண்ணினால்.

அந்தப் பக்கமாகப் போன எங்கள் பிரின்சிபால் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது நர்ஸிங் காலேஜா, கோர்ட்டா?"

செய்முறைத் தேர்வு

வினை அங்கேதான் வந்தது. ஸ்டெல்லாவுக்கு வாய்த்த நோயாளி, தி.நகரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பாய். நாளெல்லாம் ஊசியோடு புழங்குகிற மனுஷனுக்கு ஊசி என்றால் நடுக்கம். "வேணாம்மா" என்றார். ஸ்டெல்லா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மறுபடியும் வேணாம். டிரேயைக் கீழே வைத்துவிட்டாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாவுக்குக் கோபம். "பயந்துட்டா, ஃபெயில்!" என்றார். பாவிப் பெண்ணே, என் பேச்சை நம்பி வேலையைத் தொலைக்கிறாயே!

வேறு வழி தெரியாமல், மூடி போட்ட ஊசியை எடுத்துக்கொண்டு தேர்வாளரிடமே போனேன். "சத்து ஊசிதான் மேடம். கையக் காட்டுங்க, உங்களுக்கே போட்டுடறேன்."

அவர் ரெண்டடி பின்னால் துள்ளினார். "வேணாங்கறேன்ல, தொடாதீங்க!"

"தொடாதீங்க மேடம், கேஸாயிடும்" என்றாள் ஸ்டெல்லா என்னிடம், அடக்கமாக.

வார்டே சிரித்தது. தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் 'ஃபெயில்' என்ற பேச்சையும் அதற்கப்புறம் எடுக்கவில்லை. பாய் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"வேணாம்னா நிறுத்துற கை இது. இந்தக் கைய நம்பலாம். நீ போடும்மா!"

ரோட்டோரத் தீர்ப்பு

ஸ்டெல்லா பாஸ். அடையாறு வேலையும் கிடைத்தது. அந்த வாரமே கடற்கரை ரோட்டில் மீன் விற்கும் அவள் அம்மா என் ஸ்கூட்டரை மறித்தார். நன்றி சொல்லத்தான் என்று நான் முகத்தைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

"இன்னா டீச்சர் சொல்லிக் குட்த்து வச்சிகீற? தலைக்கு எண்ணெ வெக்கப் போனா, 'சம்மதம் கேட்டியாம்மா'ன்னுது!"

வக்கீலாக நான் இதுவரை வாங்கிய ஒரே ஃபீஸ், அன்று அந்தம்மா என் பையில் திணித்த ஒரு கூறு சங்கரா மீன். நான் சுத்த சைவம், என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.