ஸ்டெல்லாவின் திருகாணி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பொட்டுத் தங்கத்தைக் கரைத்தேன். விளையாட்டுக்கு இல்லை சாமி! ஒரு பெண்ணின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம்.

சுங்குவார்சத்திரத்தில் எனக்குப் பக்கத்து வீடு ஸ்டெல்லா. கணவர் அந்தோணி கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். அவர் ஷிஃப்டுக்குப் போயிருந்த ஒரு நாள், 'நகை பாலிஷ்' என்று கூவிக்கொண்டு ஓர் ஆள் வந்திருக்கிறான். ஸ்டெல்லா விவரமானவள். தாலிச் செயினைக் கொடுத்துவிட்டு, மாற்றிவிடப்போகிறானே என்று அவன் கையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கிண்ணத்துத் தண்ணீரில் முக்கினான், எடுத்தான்... பளபள! அதே செயின்தான். நிம்மதியாக அனுப்பிவிட்டாள். கிண்ணத்துத் தண்ணீரைக்கூடக் கொட்டாமல், பத்திரமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் மகராசன்.

கொக்கி தளர்ந்திருக்கிறதே என்று ஆசாரியிடம் போனபோதுதான் எடை குறைந்தது தெரிந்தது. அந்தோணி போட்ட சத்தம் எங்கள் ரேடியோவையும் மீறிக் கேட்டது.

"உன் தம்பிக்கு வெட்டிக் குட்த்துட்டியா? உண்மைய சொல்லிடு!"

"மாதா மேல ஆணையா இல்லீங்க. கண்ண எடுக்காம பாத்துக்கினே இருந்தேன்."

"பாத்துக்கினே இருந்தா எப்டிடி கொறையும்?"

நியாயமான கேள்வி. நான் கம்பெனி லேபில் வேலை பார்ப்பவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. சும்மா இருப்பேனா? ஆரம்பித்துவிட்டேன்.

ஒவ்வோர் அணுவிலும் நேர்மின்சாரமும் எதிர்மின்சாரமும் சரிக்குச் சரி. எதிர்மின்சாரம் என்பது எலெக்ட்ரான். தங்கம் மகா கஞ்சன் — லேசில் எலெக்ட்ரானை விடாது. ஆனால் கிண்ணத்தில் இருந்தது வெறும் தண்ணீரா? ராஜதிராவகம், இரண்டு அமிலங்களின் கலவை! தங்க அணு ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று எலெக்ட்ரான்களைப் பிடுங்கிவிடும். எதிர் குறைந்தால் நேர் மிஞ்சும் இல்லையா? அப்படி மின்சாரம் ஏறிப்போன அணுவுக்கு அயனி என்று பெயர். அயனியாகிவிட்டால் செயினில் ஒட்டியிருக்காது. கரைந்து திராவகத்தோடு போய்விடும். அதை எந்தக் கண்ணால் பார்ப்பது?

அந்தோணி பொறுமையாகத்தான் கேட்டார்.

"உப்பு கரையும், சர்க்கரை கரையும். தங்கம் கரையுமா? இன்னா சார்... அவளுக்காகப் பேசறீங்களா?"

எனக்கு ரத்தம் கொதித்தது.

"செஞ்சு காட்டுங்க சார். நம்பறேன்" என்றார் அந்தோணி.

திராவகத்துக்கு லேப் இருக்கிறது. தங்கத்துக்கு எங்கே போவது? அந்தோணியின் விரலில் மோதிரம் இருந்தது. அதை அவர் தொடக்கூட இல்லை. சந்தேகப்படுகிறவர்களுக்குச் செலவே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? ஸ்டெல்லாதான் கம்மலைக் கழற்றி, திருகாணியை நீட்டினாள்.

"இதப் போடுங்க சார்."

வேண்டாம்மா என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு மூன்று பேரும் திருகாணியைப் போட்ட திராவகக் குவளையைச் சுற்றி நின்றோம். தொண்டையைக் கமறவைக்கும் புகை. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திருகாணி இளைத்தது... இன்னும் இளைத்தது... காணாமலே போனது. மஞ்சள் தண்ணீர்தான் மிச்சம்.

அந்தோணி குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னது நெசந்தான் ஸ்டெல்லா. மனசுல வெச்சிக்காத."

அவள் வெறும் காதில் விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"பிடுங்கின எலெக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் அயனி மறுபடி தங்கமாகிவிடும்மா. பொடியாக எடுத்துத் தருகிறேன், ஆசாரியிடம் கொடுத்து உருக்கிக்கொள்ளலாம்" என்றேன்.

"வுடுங்க சார்" என்றாள் ஸ்டெல்லா, அந்தோணியைப் பார்த்துக்கொண்டே. "அந்த பாலிஷ்காரன் எட்த்துக்கினு போனது கொஞ்சந்தான்."