நான் எழுத்துக்கூட்டிப் படிச்ச சீட்டு விதி

நல்லூர் பனியன் கம்பெனில என்கூட அயர்ன் பண்றவரு பீகார்க்காரருங்க. அவரு பொண்ணு ஆறாவதுல இருந்து இங்கயே அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்சுப் பன்னெண்டாவது முடிச்சுது. "வெளிமாநிலத்துப் புள்ளைக்கெல்லாம் இங்க இன்ஜினியரிங் சீட்டு தரமாட்டாங்க"ன்னு சும்மா கலாய்ச்சேன். மனுசன் நெசம்னு நம்பி, பொண்ணைக் கம்பெனில துணி செக்கிங் வேலைக்கே கூட்டியாந்துட்டாரு.

அந்தப் புள்ள அழுகலீங்க. கவுன்சிலிங் விதியைப் பிரிண்ட் எடுத்தாந்து என்கிட்ட நீட்டுச்சு. "அப்பாவுக்குத் தமிழ் படிக்க வராதுங்கண்ணா. உங்க பேச்சைத்தான் நம்புறாரு. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

நான் பத்தாவது பெயிலுங்க. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். எட்டாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டுல படிச்சிருந்தா இருப்பிடச் சான்றே வேண்டாமாம். பக்கத்துல நின்னு கேட்ட அவங்கப்பா அன்னைக்கே அப்ளிகேஷன் போட வச்சாரு.

நான் திக்கித் திக்கிப் படிச்சப்ப அந்தப் புள்ள ஒருதடவை கூடச் சிரிக்கலீங்க. நானா இருந்திருந்தா, கம்பெனியையே கூப்பிட்டுச் சிரிச்சிருப்பேன்.