செல்மர் வீட்டு மணி

எங்கள் சாலையின் கடைசி வீட்டுக்காரர் செல்மர் ஹௌகன். அறுபது வயது, தனிக்கட்டை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். ஆனால் வடக்கு டகோட்டாவில் பனிப்புயல் ஓய்ந்த காலையில், ஆறு மணிக்கெல்லாம் அவருடைய டிராக்டர் சத்தம் கேட்கும். பதினொரு வீட்டு வழியிலும் பனியை வழித்துத் தள்ளிவிட்டுப் போவார். இருபது வருஷமாக அப்படித்தான். இறங்க மாட்டார், காபி வேண்டாம் என்பார், நன்றி சொன்னால் முகம் சிவந்துபோகும். அதனால் அவருடைய தபால் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலோ ரொட்டியோ வைத்துவிட்டு வந்துவிடுவோம்.

எங்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. சும்மா உதவுகிறவரிடம் "எப்போ வருவீங்க?" என்று கேட்கக் கூடாது. கூலியாளை விரட்டுகிற மாதிரி ஆகிவிடுமாம். நல்ல மரியாதை!

ஐம்பத்தெட்டு ஜனவரியில் இரண்டு நாள் புயல் அடித்து ஓய்ந்தது. புதன்கிழமை விடிந்தும் டிராக்டர் வரவில்லை.

சாலை முழுவதற்கும் ஒரே டெலிபோன் கம்பி. யாரைக் கூப்பிட்டாலும் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். அடிக்கிற விதத்தை வைத்து யாருக்கென்று தெரிந்துகொள்வோம். எங்களுக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை. செல்மருக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை.

பக்கத்துப் பண்ணை பெர்னிஸ்தான் முதலில் கூப்பிட்டாள்.

"தெல்மா, செல்மர் உங்க பக்கம் வந்தாரா?"

"வரலயே. தூங்கிட்டாரோ என்னமோ."

"அறுபது வயசுல பொண்ணு பாக்கக் கிளம்பிட்டாரோ?"

சிரித்தோம். கடவுளே, நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்குப் பூராவும் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் இதே பேச்சுதான்.

"அவருக்கே ஒரு போன் போட்டா என்ன?" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"சும்மா இரு தெல்மா. மனுஷன் இனாமா செய்றாரு. நச்சரிக்கிற மாதிரி இருக்கும்," என்றார் ஆர்லின்.

வியாழக்கிழமையும் வரவில்லை. பால் லாரி உள்ளே வர வழியில்லை, கேன்களெல்லாம் நிரம்பி வழிந்தன. எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. 'இன்றைக்கு நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை' என்று போய் டெலிபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினேன். இரண்டு நீளம், ஒரு குட்டை.

டக், டக், டக். ஒவ்வொரு வீடாக ஒட்டுக் கேட்க ரிசீவரை எடுத்தார்கள். எல்லோருமே யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்திருக்கிறார்கள்! செல்மர் எடுக்கவில்லை. மறுபடி சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன். கம்பியில் மற்ற பத்து வீட்டு மூச்சும் கேட்டது.

"எடுக்கலயே, தெல்மா," என்றாள் பெர்னிஸ்.

மண்வாரிகளோடு எல்லோரும் புறப்பட்டோம். இரண்டு மைல் போய்ச்சேர இரண்டு மணி நேரமாயிற்று. செல்மர் டிராக்டர் கொட்டகையில் கிடந்தார். புதன்கிழமை விடியற்காலையில் எங்களுக்காகப் பனி தள்ளும் கனத்த இரும்புத் தகட்டை மாட்டும்போது அது நழுவி இடது காலின்மேல் விழுந்திருக்கிறது. எட்டிய கோணிகளையெல்லாம் இழுத்துப் போர்த்தியிருந்தார். முப்பது மணி நேரம்! உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது. ஆர்லின் அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

உயிர் பிழைத்தார். பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரிக்கு ஊறுகாய் எடுத்துக்கொண்டு போனேன்.

"எங்க மேல கோபமா, செல்மர்?"

"கோபம் என்ன கோபம்?" என்றார். அப்புறம் எனக்குத் தெரிந்து முதல் தடவையாக நீளமாகப் பேசினார். "டெலிபோன் அடிச்சா கேக்கணும்னு கொட்டகையிலயும் ஒரு மணி மாட்டி வச்சிருக்கேன். படுத்துக்கிட்டு அதைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். புதன்கிழமை உங்க வீட்டுக்கு ஏழு தடவ, பெர்னிஸுக்கு ஒன்பது. அடுத்தது எனக்குத்தான், நான் எடுக்கலன்னா யாராவது வருவாங்கன்னு நினைச்சேன். நாள் பூரா அப்படி என்னதான் பேசிக்கிட்டீங்க, தெல்மா?"

உங்களைப் பற்றித்தான் என்று எப்படிச் சொல்வது? ஊறுகாய் பாட்டிலைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன்.