வெளிச்சுவர்க் குழாய்

விடுதி மதரசாவில் உஸ்தாதுக்குப் பட்டப்பெயர் தீப்பெட்டி. லேசாக உரசினால் போதும். இருபத்திரண்டு வருடமாக மார்க்கப் பாடமும் குடிமையியலும் அவர்தான் எடுக்கிறார். இரண்டும் ஒரே பாடம் என்பார். இல்லை என்பவரோடு மல்லுக்கு நிற்பார்.

அன்று 'அண்டை வீட்டார் உரிமை' நடத்த வேண்டும். சாக்பீஸும் கையுமாக வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தெருவுக்கென்று வெளிச்சுவரில் வைத்திருந்த குழாயில் பூட்டு. எதிர்வீட்டுத் தையல்காரம்மா காலிக் குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் ஜிப்பாவுக்கெல்லாம் பொத்தான் தைத்துத் தருபவர். வேறு மதம், அது ஒன்றுதான் குற்றம்.

புதுச் செயலாளர் அலுவலக அறையில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தார்.

"பூட்டு யார் போட்டது?"

"நான்தான். நம்ம கிணத்துத் தண்ணி நம்ம ஆளுங்களுக்கு. தப்பா?"

"ஊத்துக் கண்ணைத் தெறந்தவன்கிட்ட கேட்டீங்களா?"

"அளந்து பேசுங்க உஸ்தாத். வேலை வேணுமா, குழாய் வேணுமா?"

"பக்கத்து வீடு பசிச்சிருக்க, தன் வயித்தை மட்டும் நிரப்புறவன் முஃமின் இல்ல, நம்பிக்கையாளனே இல்லன்னு இப்பப் போய் நடத்தணும். எந்த முகத்தோட நடத்துறது?"

வகுப்புக்குப் போய், நடந்ததை அப்படியே சொன்னார். "எனக்கு வேலை போகலாம். என்கூடத் தண்ணி சுமக்க உங்களுக்குக் கட்டாயம் இல்ல. ஆனா எவனாவது பூட்டை உடைச்சான், தோலை உரிச்சிடுவேன்." தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டியில் ஒரு வாளி மொண்டுகொண்டு தெருவுக்கு நடந்தார்.

பின்னாலேயே பிள்ளைகளின் நாற்பது வாளிகள், அலுவலக வராந்தா வழியாக. போகிற வழியெல்லாம் தண்ணீர்.

செயலாளர் பாதி நனைந்த செருப்போடு வெளியே ஓடிவந்தார். "என்ன கூத்து இது? தெருவே பாக்குது."

"பூட்டையும் தெருதான் பாத்துச்சு."

ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தலாம், நாற்பது பிள்ளைகளை என்ன செய்வது? செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை நீட்டினார். உஸ்தாத் கையை நீட்டவில்லை, எதிர்வீட்டைக் காட்டினார்.

செயலாளர் தெருவைக் கடந்து போய்ச் சாவியை நீட்டியதும், தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்தபடியே நிமிர்ந்தார். "சாவிய வச்சு நான் என்னங்க செய்ய? பூட்டையே கழட்டிட்டுப் போங்க. உங்க ஜிப்பாவுல மேல் பொத்தான் காணோம். அந்த ஜிப்பாவையும் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க, தச்சு வைக்கிறேன்."

செயலாளருக்கு முகம் செத்துப்போனது. பூட்டைக் கழற்றினார்.

உஸ்தாதுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை. குழாயைத் திறந்து பார்த்தார். சொட்டு வீணாகாமல் இறுக்கி மூடினார். "வேடிக்கை போதும். உள்ள வாங்கடா, பாடம் கிடக்கு."